பாதுகாப்பான தொகுதியில் தோற்ற தலைவர்: ஒன்ராறியோ இடைத்தேர்தல், மார்ச் 2009

எதைப் பற்றிய ஆய்வு

2009 மார்ச் 5ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு இடைத்தேர்தல் நடந்தது. மாகாணத்தின் பிரதான எதிர்க்கட்சியான முற்போக்குக் கொன்சவேட்டிவ் கட்சியின், அதாவது நாங்கள் பிசி என்று சொல்லும் கட்சியின் தலைவரே வேட்பாளர். தொகுதி அந்தக் கட்சியின் கையில் இருந்தது. தலைவர் சட்டமன்றத்துக்குள் போக வேண்டும் என்பதற்காகவே அங்கே அப்போது இருந்த உறுப்பினர் பதவி விலகி இடத்தைக் காலியாக்கிக் கொடுத்திருந்தார். அப்படியிருந்தும் தலைவர் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளால் தோற்றார், மறுநாளே தலைமையை விட்டு விலகுவதாக அறிவித்தார்.

அந்த மாதங்களில் ரொறன்ரோத் தமிழர்களின் மனம் முழுக்க வன்னியில் இருந்தது. ஜனவரி கடைசியில் நகர மையத்தில் மனிதச் சங்கிலி, அதற்குப் பிறகு தொடர்ந்து போராட்டங்கள். இந்த இடைத்தேர்தல் நடந்த லின்ட்சேப் பக்கத்தில் யார் வென்றார், யார் தோற்றார் என்று பார்க்கும் நிலையில் எங்கள் ஆட்கள் இருக்கவில்லை, அது இயல்பு. ஆனால் இன்று நம்மவர்கள் கல்விச் சபை, நகரசபை, மாகாணம், மத்தி என்று எல்லா மட்டத்திலும் வேட்பாளராக நிற்கிறார்கள், தொண்டராக ஓடுகிறார்கள், தொகுதி நியமனத்துக்காக ஆயிரக்கணக்கில் உறுப்பினர் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த நிகழ்வு உபயோகப்படும் என்று நினைத்துத்தான் முழுதாக எழுதுகிறேன். இதில் நேரடியாக வருபவர்களின் பெயர்கள் பொதுப்பதிவில் இருக்கின்றன. ஆனாலும் நான் அவர்களைப் பொறுப்பால் மட்டுமே குறிப்பிடுகிறேன், ஏனென்றால் இங்கே பார்க்க வேண்டியது ஆளை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்ட முடிவுகளை.

தொகுதி

ஹலிபர்ட்டன்–கவார்த்தா லேக்ஸ்–புரொக் என்பது தொகுதியின் பெயர். ரொறன்ரோவுக்கு வடகிழக்கே இருக்கிறது. லின்ட்சேதான் பெரிய ஊர், பிறகு பொப்கேஜன், ஃபெனலன் ஃபோல்ஸ், மின்டன், ஹலிபர்ட்டன் என்று ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் சிறிய ஊர்கள். கோடையில் ரொறன்ரோக்காரர் கொட்டேஜுக்குப் போகும் பக்கம் இது, நம்மவர்களும் வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகப் போய் மீன் பிடித்து, பார்பிக்யூ போட்டுவிட்டு ஞாயிறு மாலை திரும்பி வருகிற இடம். ஆனால் அங்கே தேர்தலைத் தீர்மானிப்பவர்கள் ஆண்டு முழுக்க அங்கேயே வாழ்கிறவர்கள்: விவசாயிகள், ஓய்வுபெற்றவர்கள், சிறு கடைக்காரர்கள், பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்பவர்கள். வார இறுதிக்கு வருகிறவருக்கும் ஊர்க்காரருக்கும் இடையில் எப்போதும் ஒரு இடைவெளி உண்டு, அதை மறந்துவிட்டு இந்தத் தேர்தலைப் புரிந்துகொள்ள முடியாது.

பிசி கட்சிக்கு இது பழைய கோட்டை. 1949 முதல் 1961 வரை ஒன்ராறியோ முதல்வராக இருந்த லெஸ்லி ஃபுரொஸ்ட் லின்ட்சேக்காரர். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் ஒரே பக்கம் போகிற தொகுதி என்று சொல்ல முடியாது. 1990இல் மாகாணம் முழுக்க என்டிபி, அதாவது புதிய ஜனநாயகக் கட்சியின் அலை வீசியபோது, அப்போதைய எல்லையோடு இருந்த இந்தப் பகுதியும் என்டிபி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. இன்னொரு விஷயம், வெளியூர்க்காரருக்கு எளிதில் தெரியாதது: 2001இல் அன்றைய பிசி அரசு இங்கிருந்த பல சிறிய நகரசபைகளையும் கிராமசபைகளையும் ஒன்றாக இணைத்து கவார்த்தா லேக்ஸ் நகரம் என்று ஆக்கியது. மக்களுக்கு அது பிடிக்கவில்லை. 2003இல் வாக்கெடுப்பு நடத்தி, சிறிய பெரும்பான்மையில், பழையபடி பிரித்துவிடு என்றார்கள். அடுத்து வந்த லிபரல் அரசு பிரிக்க மறுத்தது. ஆகவே இந்த ஊர்களின் தலைவிதியை ரொறன்ரோவில் மாகாண சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் யாரோ முடிவு செய்கிறார்கள் என்ற மனக்குறை எந்தக் கட்சியின் பெயரும் ஒட்டாமல் அங்கே கிடந்தது.

இடம் கொடுத்த உறுப்பினர் அந்த மண்ணில் வளர்ந்தவர், தொழிலால் தாதி. அவருடைய தந்தை 1965 முதல் 1993 வரை அதே பகுதியின் மத்திய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். மகள் 2003இல் வென்று, 2007இல் இன்னும் வசதியான வித்தியாசத்தில் மறுபடி வென்றார். வாக்காளர்களுக்கு அவர் கட்சிச் சின்னம் மட்டுமல்ல, தெரிந்த குடும்பத்துப் பிள்ளை.

தலைவர்

தலைவர் ரொறன்ரோக்காரர். வழக்கறிஞர், பெரிய ஊடக நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவர், 2003இல் ரொறன்ரோ மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். 2004 செப்ரெம்பரில் பிசி கட்சியின் தலைவரானார். மிதவாதி, பண்பாகக் கதைப்பவர், எதிரணியில் கூட அவரைத் தனிப்பட்ட முறையில் வெறுத்தவர்கள் குறைவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆள் மோசம் என்பதால் தோற்றார் என்ற விளக்கம் இங்கே பொருந்தவே பொருந்தாது.

அவர் ஏற்கனவே ஒருமுறை இடைத்தேர்தல் வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் போனார். 2005 மார்ச்சில், முன்னாள் முதல்வர் அரசியலிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டுப் போன கிராமப்புறத் தொகுதியில் நின்று சிரமமில்லாமல் வென்றார். அடுத்த பொதுத்தேர்தலில் அந்தத் தொகுதியை விட்டுவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பினார். நகரத்தில் ஒரு இடம்கூட இல்லாத கட்சி அரசு அமைக்க முடியாது, தலைவர்தான் முன்னால் நின்று வழிகாட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம், துணிச்சலும் கூட. ஆனால் கிராமத்து வாக்காளர் அதில் படித்த பாடம் வேறு: எங்கள் தொகுதி இவருக்கு ஒரு தங்குமடம்.

2007 ஒக்ரோபர்: முதல் தோல்வி

2007 பொதுத்தேர்தலில் அவர் டொன் வலி வெஸ்ட் தொகுதியில், பதவியிலிருந்த கல்வி அமைச்சருக்கு எதிராகவே நின்றார். அந்தத் தேர்தலைத் தின்றது ஒரே ஒரு வாக்குறுதி. ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மட்டும் அரசு முழு நிதி கொடுக்கிறது, 1867 அரசியலமைப்பிலிருந்து வரும் உரிமை அது. மற்ற மதத்தவரின் பள்ளிகளுக்கு இல்லை. இது பாகுபாடு என்று ஐநா மனித உரிமைக் குழு 1999இலேயே சொல்லியிருந்தது. அதனால் யூத, இஸ்லாமிய, இந்து, பிற கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் நிதி கொடுப்போம் என்றார் தலைவர். சமத்துவம் என்று பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் வாக்காளர்களில் பெரும்பாலானோர் அதை அப்படிப் பார்க்கவில்லை, பொதுப் பள்ளியின் பணம் வெளியே போகப் போகிறது என்றுதான் பார்த்தார்கள். சொந்தக் கட்சியின் கிராமப்புற ஆதரவாளர்களே முகம் சுளித்தார்கள். வாக்களிப்புக்குச் சுமார் பத்து நாள் இருக்கும்போது, இதைச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களித்து முடிவு செய்யலாம் என்று இறங்கி வந்தார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

107 இடங்களில் லிபரலுக்கு 71, பிசிக்கு 26, என்டிபிக்கு 10. தலைவரும் தன் தொகுதியில் தோற்றார்.

பதினாறு மாதங்களுக்கு மேல் நாற்காலி இல்லாமல்

நான் இந்த நிகழ்வில் அதிக நேரம் செலவிட விரும்புவது இந்தக் காலப்பகுதியில்தான், ஏனென்றால் இடைத்தேர்தல் முடிவின் பெரும்பகுதி இங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

தோற்ற அன்றே விலகவில்லை. அது தவறென்று நான் சொல்ல மாட்டேன், தொடர்ந்து முயல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் தொடர்வதென்று முடிவெடுத்தால் அதோடு சேர்ந்து எடுக்க வேண்டிய இன்னொரு முடிவு, உடனடியாக ஒரு இடம். அது நடக்கவில்லை. 2008 பெப்ரவரியில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் தலைமை பற்றிய வாக்கெடுப்பில் அவருக்கு 66.9 வீதம்தான் கிடைத்தது. மூன்றில் ஒருவர் உங்களை வேண்டாம் என்கிறார். அவர் சில மணிநேரம் யோசித்துவிட்டு வந்து தொடர்வேன் என்றார். அந்தச் சில மணிநேரம் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது. தயங்கினார் என்பது பதிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரே கேள்வி: 26 பேரில் யார் இடம் கொடுப்பார்? சட்டமன்றத்தில் முதல்வரைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டியவர் அவைக்கு வெளியே நிற்கிறார், உள்ளே வேறொருவர் அவருக்காகக் கேட்கிறார். யாரும் எழுந்து இடம் கொடுக்காத ஒவ்வொரு மாதமும், இவருடைய சொந்த உறுப்பினர்களுக்கே இவர் மேல் நம்பிக்கை இல்லை என்ற செய்தி தானாகப் பரவிக்கொண்டிருந்தது. 2008 செப்ரெம்பரில் கிராமப்புற உறுப்பினர் ஒருவர், தலைவர் விலக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லி, கட்சியின் சட்டமன்றக் குழுவிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். இப்படிப்பட்ட சண்டையைக் கட்சிக்காரர்கள் ரொறன்ரோவில் உட்கார்ந்து உள்வீட்டு விவகாரமாகப் பார்த்திருக்கலாம். லின்ட்சே மாதிரி ஊரில் உள்ள பிசி வாக்காளர் அதை, நம்மைப் போன்ற கிராமத்துக்காரர் ஒருவரின் வாயை அடைத்துவிட்டார்கள் என்றுதான் பார்த்திருப்பார்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

2009 ஜனவரியில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஹலிபர்ட்டன்–கவார்த்தா லேக்ஸ்–புரொக் உறுப்பினர் விலகுகிறார், தலைவர் அங்கே நிற்கிறார்.

கட்சி பார்த்த கணக்கு தெளிவானது. பழைய கோட்டை, 2007இல் பெரிய வித்தியாசம், அதற்கு மேல் 2008 ஒக்ரோபர் மத்திய தேர்தலிலும் அங்கே கொன்சவேட்டிவ்தான் சுலபமாக வென்றது. ரொறன்ரோவிலிருந்து காரில் போய்வரும் தூரம். உறுப்பினரும் மனமுவந்து கொடுக்கிறார். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல தொகுதி கிடைக்காது.

காகிதத்தில் இல்லாத விஷயம், அந்த வித்தியாசம் யாருடையது என்பது. கட்சியுடையதா, அந்த உறுப்பினருடையதா? இரண்டும் கலந்துதான் இருக்கும், எவ்வளவுக்கு எவ்வளவு என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது, ஆனால் கட்சி முழுவதையும் தன் பங்காக எடுத்துக்கொண்டது. பதினைந்து மாதத்துக்கு முன் நான்கு ஆண்டுகளுக்கென்று ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவரை, அவர் உடம்புக்கு முடியாமலோ ஓய்வுபெற்றோ போகாமல், கட்சியின் பிரச்சினையைத் தீர்ப்பதற்காக எழுப்பிவிட்டு, அந்த இடத்தை எங்கள் தலைவருக்குக் கொடுங்கள் என்று அதே ஊராரிடம் கேட்கிறோம் என்பதை அறையில் இருந்த யாராவது உரக்கச் சொன்னார்களா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பிரசாரம்

முதல்வர் காலம் தாழ்த்தவில்லை. சட்டப்படி ஆறு மாதம் வரை இழுத்திருக்கலாம், ஆனால் விரைவிலேயே தேர்தலை அறிவித்தார். கனடாவில் புதிய தலைவர் ஒருவர் இடைத்தேர்தலில் நின்றால் மற்றக் கட்சிகள் சிலவேளை வேட்பாளர் போடாமல் வழிவிடும் மரபு உண்டு. 2002இல் மத்தியில் கனேடியன் அலையன்ஸ் கட்சியின் புதிய தலைவரான ஸ்டீபன் ஹார்ப்பர் கல்கரியில் நின்றபோது லிபரல் கட்சி அப்படித்தான் ஒதுங்கிக்கொண்டது. இங்கே யாரும் ஒதுங்கவில்லை. லிபரல், என்டிபி இரண்டும் நின்றன, பசுமைக் கட்சியின் மாகாணத் தலைவரும் அங்கே வந்து நின்றார். ஒரே சின்னத் தொகுதியில் இரண்டு மாகாணக் கட்சித் தலைவர்கள்.

லிபரல் வேட்பாளர் தேர்வைத்தான் நான் இந்தத் தேர்தலின் மிகச் சரியான முடிவாகப் பார்க்கிறேன். புதுமுகத்தைத் தேடவில்லை, 2007இல் இதே தொகுதியில் நின்று தோற்றவரையே மறுபடி நிறுத்தினார்கள். உள்ளூர்க்காரர், கல்விச் சபை உறுப்பினராக இருந்தவர், ஒன்ராறியோ பொதுப் பள்ளிச் சபைகள் சங்கத்தின் முன்னாள் தலைவர். இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தலைவரின் ஆறாத காயம் பள்ளி நிதி விவகாரம். அதைப் பற்றி வாயே திறக்காமல், பொதுப் பள்ளிக்காகவே பல ஆண்டு வேலை செய்த ஒருவர் எதிரில் நிற்கிறார். ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற வித்தியாசமும் தானாகவே விழுகிறது, யாரும் சத்தம் போட்டுச் சொல்லத் தேவையில்லை.

பிசி பக்கம், தலைவர் தன் முழு நேரத்தையும் அங்கே போட்டார், வீடு வீடாகப் போனார், மற்றத் தொகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பழைய உறுப்பினர் அவருக்காக உழைத்தார். சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: அவர் ஏன் போனார்? அதற்குக் கட்சியிடம் இருந்த உண்மையான பதில், தலைவருக்கு இடம் வேண்டும் என்பது. அந்தப் பதிலில் வாக்காளருக்கு என்ன கிடைக்கிறது என்பது எங்கேயும் இல்லை.

முடிவு

மார்ச் 5 இரவு: லிபரலுக்குச் சுமார் 44 வீதம், தலைவருக்குச் சுமார் 41. பசுமைக் கட்சித் தலைவரும் என்டிபி வேட்பாளரும் வெகு பின்னால்.

வாக்களித்தவர்களின் தொகை பொதுத்தேர்தலை விட நன்றாகக் குறைந்திருந்தது, இடைத்தேர்தலில் அது வழக்கம். கவனிக்க வேண்டியது எங்கே குறைந்தது என்பதை. லிபரலின் வாக்குத் தொகை 2007ஐ விடப் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. சரிந்தது பிசியின் தொகை. அதாவது பிசி ஆதரவாளர்கள் கூட்டமாக லிபரலுக்கு மாறினார்கள் என்று சொல்வது சரியாக இருக்காது, சிலர் மாறியிருக்கலாம், பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தங்கள் கட்சிக்கு எதிராக வாக்குப்போட மனம் வராத, ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஆமாம் போடவும் மனம் வராத மனிதர்கள்.

ஏன் தோற்றார்

தேர்தல் முடிந்ததும் பல காரணங்கள் சொல்லப்பட்டன. குளிர்காலம், லிபரலின் பணமும் ஆள்பலமும், தலைவரின் பழைய பள்ளி நிதி வாக்குறுதி, ரொறன்ரோக்காரர் என்ற பெயர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எது எவ்வளவு கனம் என்று பார்க்க இங்கே நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது, ஏனென்றால் பதினேழு மாத இடைவெளியில் இரண்டு தேர்தல், அதே தொகுதி, அதே லிபரல் வேட்பாளர், அதே மாகாண அரசு. மாறியது பிசி வேட்பாளர் மட்டும்தான், கூடவே அந்த வேட்பாளர் அங்கே வந்த விதமும்.

கட்சி மேல் கோபம் என்றால் மத்திய தேர்தலில் அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. பள்ளி நிதி வாக்குறுதிதான் காரணம் என்றால் அது கொழுந்துவிட்டு எரிந்த 2007லேயே அந்தத் தொகுதி விழுந்திருக்க வேண்டும், விழவில்லை, பெரிய வித்தியாசத்தில் பிசியே வென்றது. ஆகவே என் மதிப்பீட்டில் முதல் காரணம், இடம் பறிக்கப்பட்ட விதம். இரண்டாவது, பதினாறு மாத இழுபறியில் தலைவர் பலவீனமானவர் என்ற எண்ணம் சொந்த ஆட்களிடமே ஊறிப்போனது. ரொறன்ரோக்காரர் என்பது மூன்றாவதுதான், அதுவும் 2005இல் கிடைத்த கிராமத் தொகுதியை அவர் விட்டுவிட்டுப் போனதால் கூர்மையானது.

இதோடு இடைத்தேர்தலுக்கே உரிய ஒரு சுபாவம் சேர்ந்துகொண்டது. லிபரலுக்கு 71 இடம். இந்த ஒரு தொகுதியில் யார் வென்றாலும் அரசு மாறாது. பொதுத்தேர்தலில் பிசி ஆதரவாளர் ஒருவர் வேட்பாளர் பிடிக்காவிட்டாலும் முதல்வரை மாற்றுவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்குப் போடுவார். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. தலைவருக்கு ஒரு பாடம் சொல்வதில் அவருக்கு எந்த நட்டமும் இல்லை, மாறாக ஆளும் கட்சியின் உறுப்பினர் ஒருவர் ஊருக்குக் கிடைக்கிறார்.

இதே வழியில் போய் வென்றவர்கள்

கனடாவில் இடம் வாங்கி இடைத்தேர்தலில் வென்ற தலைவர்கள் நிறைய. அவர்களை இந்த நிகழ்வோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலத்தின் விலை தெரியும்.

பிரையன் மல்ரோனி 1983 ஜூனில் மத்திய முற்போக்குக் கொன்சவேட்டிவ் கட்சியின் தலைவரானார், ஓகஸ்டிலேயே நோவா ஸ்கோஷியாவில் எல்மர் மக்கே விட்டுக்கொடுத்த தொகுதியில் வென்றார். அடுத்த ஆண்டு அவர் கியூபெக்குக்குப் போக, மக்கே தன் பழைய தொகுதிக்குத் திரும்பினார். பிரிட்டிஷ் கொலம்பியா முதல்வர் கிறிஸ்டி கிளார்க் 2013 மே மாதம் தன் தொகுதியில் தோற்றார், கட்சி அரசு அமைத்தது, ஜூலையிலேயே வேறு தொகுதியில் வென்றார். மத்திய கொன்சவேட்டிவ் தலைவர் பியர் பொய்லியேவ் 2025 ஏப்ரல் 28இல் ஒட்டாவாப் பகுதித் தொகுதியை இழந்தார், சில நாட்களிலேயே அல்பேர்ட்டா உறுப்பினர் ஒருவர் இடம் கொடுக்க முன்வந்தார், ஓகஸ்ட் 18இல் சுமார் 80 வீத வாக்கோடு திரும்பி வந்தார். அல்பேர்ட்டாவின் அந்தப் பகுதி வேறு ரகம், கட்சி அங்கே மற்றெல்லாவற்றையும் விழுங்கும் அளவுக்குப் பலம், அதனால் அதை வைத்து அதிகம் அளக்கக்கூடாது. ஆனாலும் நாலு மாதத்துக்குள் முடிந்தது.

எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது ஒன்ராறியோ பிசி கட்சியே பிறகு செய்தது. நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த பட்ரிக் பிரவுண் 2015 மே மாதம் தலைவரானார், மாகாண சட்டமன்றத்தில் இடமில்லை. சிம்கோ நோர்த் தொகுதி உறுப்பினர் இடம் கொடுத்தார், செப்ரெம்பர் தொடக்கத்தில் பிரவுண் வென்றார். பாரி நகரின் மத்திய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர், சிம்கோ நோர்த் பக்கத்துத் தொகுதி. அங்கே யாரும் அவரை வெளியூர்க்காரர் என்று சொல்ல முடியாது. 2009இன் இரண்டு ஓட்டைகளும், காலமும் தூரமும், அங்கே அடைக்கப்பட்டிருந்தன.

பின்னர் நடந்தது

மார்ச் 6இல் தலைவர் விலகலை அறிவித்தார். ஜூன் 27இல் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தது, இந்தத் தடவை ஏற்கனவே சட்டமன்றத்தில் இருந்த, சிறிய ஊர்ப் பின்னணி உள்ளவரை. இடைநிறுத்தப்பட்டிருந்த உறுப்பினர் மீண்டும் குழுவில் சேர்க்கப்பட்டார்.

இடம் கொடுத்தவர் இரண்டரை ஆண்டுகள் சட்டமன்றத்துக்கு வெளியே இருந்தார். 2011 ஒக்ரோபர் பொதுத்தேர்தலில் அதே தொகுதியில், அதே லிபரல் உறுப்பினருக்கு எதிராக நின்று இடத்தைத் திரும்ப வென்றார். ஊரார் கட்சியைக் கைவிட்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. நடுவில் போன அந்த இரண்டரை ஆண்டையும் இங்கே பதிய வேண்டும், கட்சிகள் இப்படிப்பட்டவர்களைச் சீக்கிரம் மறந்துவிடுகின்றன.

தோற்ற தலைவர் வானொலிக்குப் போனார், 2014இல் ரொறன்ரோ மேயராக வென்றார், 2018இலும் 2022இலும் மறுபடி வென்றார். முன்பு அங்கே தோற்றிருந்தாலும், தன்னுடைய ஊரில், தன்னை அறிந்த மக்களிடம் அதே மனிதர் பிறகு மூன்று முறை வென்றிருக்கிறார். (2023இல் அவர் விலகிய கதை வேறு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.)

என்ன மாற வேண்டும்

முதலாவது காலம். பொதுத்தேர்தலில் இடம் இழந்த தலைவர் தொடர்வதென்றால் சில வாரத்துக்குள் இடம் முடிவாக வேண்டும். சட்டமன்றக் குழுவில் ஒருவர்கூட அந்தக் காலத்துக்குள் முன்வரவில்லை என்றால் அதுவே ஒரு வாக்கெடுப்பு, தலைவர் அதை மாநாட்டு வாக்கெடுப்பைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தொகுதித் தேர்வு. போன தேர்தலின் வித்தியாசத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதை நிறுத்த வேண்டும். எப்படியும் ஓய்வுபெறப் போகிறவரின் தொகுதி, தலைவர் வாழ்ந்த அல்லது வேலை செய்த பகுதிக்குப் பக்கத்துத் தொகுதி, இவற்றுக்கு வித்தியாசம் குறைவாக இருந்தாலும் முன்னுரிமை கொடுக்கலாம். ஊருக்குப் பிடித்த, இன்னும் பல ஆண்டு வேலை செய்யக்கூடிய ஒருவரை எழுப்புவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படி எழுப்பியே ஆக வேண்டும் என்றால், அறிவிப்புக்குப் பிறகு அல்ல, அதற்கு முன்பே தொகுதிச் சங்கத்தின் உறுப்பினர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். மேலிருந்து முடிவாகி வந்ததற்குச் சங்கத் தலைவர் கையெழுத்துப் போடுவது கேட்பதாகாது. அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தால் அதுதான் இலவசமாகக் கிடைக்கும் மிக நல்ல கருத்துக்கணிப்பு. கூடவே தலைவர் அடுத்த பொதுத்தேர்தலிலும் அங்கேயே நிற்பாரா இல்லையா என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். மல்ரோனி மாதிரி ஒரு தவணைக்கு மட்டும்தான் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, பழைய உறுப்பினர் திரும்பி வருவார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். வாக்காளர் அதைப் பொறுத்துக்கொள்வார். எதுவும் சொல்லாமல் விடுவதைத்தான் பொறுக்க மாட்டார்.

கடைசியாகப் பிரசார வேலை. இப்படிப்பட்ட தேர்தலில் தொண்டர்களின் பட்டியலில் முதலிடம் ஊசலாடும் வாக்காளருக்கு அல்ல, போன தடவை நமக்கே போட்டு இந்தத் தடவை கதவைத் திறந்து சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அனுப்புகிறவருக்கு. நம்மவர்கள் நகரத் தொகுதிகளில் வாக்காளரை ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது என்று மூன்றாகக் குறித்துக்கொண்டு போகிறோம். நாலாவதாக, ஆதரவுதான், ஆனால் வரமாட்டார் என்று ஒரு குறி வேண்டும். அவருடைய கோபத்தை உட்கார்ந்து கேட்க, துண்டுப்பிரசுரத்தோடு ஓடும் இளைஞர் போதாது. அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் போக வேண்டும், முடிந்தால் இடம் கொடுத்தவரே போக வேண்டும், அதுவும் முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்குவதற்கு முன்.